உயிரோடு இருந்தவருக்கு எழுதிய மரண அறிவித்தல்

தம்பி,

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்க முன்னர் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன். என்னை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கேட்டுவிட்டு எழுதுகிற பழக்கம் இவளுக்கு எப்போது வந்தது என்பார்கள். எழுபத்தொரு வயதில் வந்திருக்கிறது. நான் செய்த பிழை அச்சில் செய்தது. அதை உனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டுத் தப்பிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருகாலத்தில் என்னைத் திட்டித் தலையங்கம் எழுதிய பத்திரிகைதான் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. மகனின் கலியாணத்துக்குத் தாய் எழுதும் வாழ்த்து என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

போன ஞாயிறு நீயும் மிதுனாவும் பிக்கரிங்கில் இருந்து வந்து என் பேஸ்மென்ற் சோபாவில் இருந்தபடி இரண்டு செய்தி சொன்னீர்கள். ஒன்று, மண்டபம் கிடைத்துவிட்டது. மற்றது, அன்ரியைக் கண்டுபிடித்துவிட்டாய். மொன்றியலில் இருக்கிறார், பேஸ்புக்கில் தேடிப் பிடித்தேன் என்று சொல்லும்போது உன் முகம் எட்டு வயதுப் பிள்ளையின் முகமாக இருந்தது. கலியாணத்தில் ஆராத்தி எடுப்பது நானும் அன்ரியும்தான் என்று நீயே முடிவும் செய்துவிட்டாய். ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எதிரும் புதிருமாக நின்று, உங்கள் இருவருக்கும் சுற்றிக் காட்ட வேண்டும். புருஷனோடு வாழாத இரண்டு பெண்கள் ஆராத்தி எடுப்பதா என்று ஐயர் கேட்பார் என்றேன். "அம்மா, யூ போத் ரெய்ஸ்ட் மீ. வேறை ஆர் எடுக்கிறது?" என்றாய். அன்ரி என்ன சொன்னார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். வெட்கப்படுகிறார் என்று நீ சிரித்தாய். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அது வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக இதை மட்டும் சொல்கிறேன். நாங்கள் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்த காலத்தில், பக்கத்து அப்பார்ட்மென்றில் இருந்தவர் அந்த அன்ரி. நான் வேலைக்கும் கூட்டங்களுக்கும் ஓடித்திரிய, உன்னைப் பள்ளியால் கூட்டிவந்து, சோறு தீத்தி, பிடித்துவைத்து அ, ஆ எழுதப் பழக்கியவர். நீ இந்தக் கடிதத்தை வாசிப்பது அவர் தந்த தமிழில்தான். அவருடைய பெயரை எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அதே கிழமைதான் ஜேர்மனியில் நான் வேலை செய்த இதழின் ஆசிரியர் ஹெல்கா செத்துப்போன செய்தியையும் நீ அனுப்பியிருந்தாய். ஜேர்மன் பத்திரிகைகள் பாதி அவளைத் தூக்கிப்பிடித்தன, பாதி போட்டு மிதித்தன. கலியாண வரவேற்பில் அம்மாவையும் ஹெல்காவையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று வேறு சொன்னாய். ஜேர்மனியில் பெண்ணிய இதழ் ஒன்றின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்த தமிழ் அகதி, அங்கே பார்த்ததை ரொறன்ரோவில் தானே செய்துகாட்டினாள் என்று. நல்ல கதைதான். அதில் இல்லாததைத்தான் எழுத வந்தேன்.

ஹெல்காவை நான் முதலில் கண்டது ஒரு விடியற்காலையில், வாளியும் தும்புத்தடியுமாக. நீ அப்போது கைக்குழந்தை. உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்க்கொண்டிருந்த நேரம். காலை ஆறு மணிக்கே அவள் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். தானே கோப்பி போட்டு எனக்கும் ஒரு கோப்பை தருவாள். மேடம் என்று கூப்பிட்டால் முறைப்பாள். இறைச்சிக் கடைக்காரனின் மகள். சிறு நகரப் பத்திரிகை ஒன்றில் ரைப்பிஸ்ற்றாகச் சேர்ந்தவள். செய்தி எழுதக் கேட்டதற்குச் சமையல் குறிப்பு எழுதச் சொன்னார்களாம். ஒரு வருடம் எழுதினாளாம். பிறகு ஒருநாள் குறிப்போடு குறிப்பாக, அந்த ஊரில் எந்தெந்தத் தெருவில் எத்தனை பெண்கள் அடிவாங்குகிறார்கள் என்று எழுதிப்போட்டு வேலையை இழந்தாளாம். சொல்லும்போது மேசையில் தட்டித் தட்டிச் சிரிப்பாள். பிறகு தன் குசினியிலேயே சொந்தமாக இதழ் தொடங்கினாள். ஒரு இதழில் பெண்கள் தங்கள் படத்தையும் பெயரையும் போட்டு, என் கணவன் என்னை அடிக்கிறான் என்று ஆளுக்கொரு வரி எழுதினார்கள். நாடே அல்லோலகல்லோலப்பட்டது. தபாலில் செத்த எலி வந்தது. தொலைக்காட்சியில் நான்கு ஆம்பிளைகளுக்கு நடுவில் இருந்து அவள் ஒருத்தியே அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டதை நான் அரைகுறையாய் விளங்கிய மொழியில் பார்த்து வாய்பிளந்திருக்கிறேன். அவள் எனக்கு அடிக்கடி சொன்னது இதுதான்: ஒளித்து வைத்திருக்கும்வரைதான் அது ஒரு பெண்ணின் அவமானம், அச்சில் வந்துவிட்டால் அது ஊரின் அவமானம். நான் அதை உன் அப்பாவிடம் சொன்னேன். எல்லாரிடமும் சொன்னேன். மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த அலுவலகத்தில் என்னோடு கூட்டித் துடைத்தவர் எமினே அக்கா. துருக்கிக்காரி, தலையில் துணி கட்டுவார். எனக்குப் பால் கட்டிப்போய் நெஞ்சு நொந்தபோது முட்டைக்கோவா இலை வைத்துக் கட்டச் சொல்லித் தந்தவர். ஒரு மாதம் இதழின் அட்டையில் எமினே அக்காவின் படம் வந்தது. வாளியோடு குனிந்து நிற்கிறார், தலைத்துணி தெரிகிறது, கீழே பெரிய எழுத்தில் அடிமை என்று போட்டிருந்தது. யாரோ கண்ணாடிக்கு வெளியே இருந்து எடுத்த படம். அவரிடம் கேட்கவே இல்லை. அடுத்த திங்கள் அவர் வேலைக்கு வரவில்லை. புருஷன் மறித்துவிட்டான், பார்த்தாயா, நான் எழுதியது சரிதானே என்றாள் ஹெல்கா. நானும் தலையாட்டினேன். பிறகு சந்தையில் எமினே அக்காவைக் கண்டேன். வேலையை விட்டது தன் முடிவுதான் என்றார். அந்தத் தலைத்துணி தன் தாயுடையது என்றும் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. பயத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாராவது எங்களோடு ஒத்துப்போகாவிட்டால் அது பயம் என்று பெயர் வைக்க அப்போதே பழகிவிட்டேன்.

நீ இரண்டு வயதாக இருக்கும்போது உன்னோடு கனடா வந்தேன். உன் அப்பா அங்கேயே நின்றுவிட்டார். இங்கே பகலில் ஒரு தமிழ் அச்சகத்தில் மரண அறிவித்தல் ரைப் பண்ணுகிற வேலை. சனி, ஞாயிறு குசினி மேசையில் 'சத்தம்' என்று என் இதழ். நான்கு பெண்கள் சேர்ந்து தொடங்கினோம், ஒரு வருடத்தில் நான் மட்டும் மிஞ்சினேன். மற்ற மூவரும் என்னோடு வேலை செய்ய ஏலாது என்று போனார்கள். அதற்கும் பயம் என்றே பெயர் வைத்தேன். கோயிலைப் பற்றி எழுதினேன், சீதனம் பற்றி எழுதினேன், ஊரில் விடுதலை பேசிவிட்டு இங்கே மனைவியை வீட்டுக்குள் பூட்டுகிறவர்களைப் பற்றி எழுதினேன். தமிழ்க் கடைகளில் 'சத்தம்' கட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். போனில் கெட்ட வார்த்தை வரும். உனக்குத் தெரியும், சிலதை நீயே எடுத்திருக்கிறாய். ஆனால் பெண்கள் எழுதினார்கள், தம்பி. கையெழுத்து நடுங்கிய கடிதங்கள் வந்தன. அதை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்லமாட்டேன். சிலர் அந்த வீடுகளை விட்டு வெளியே வந்து நல்லாக இருக்கிறார்கள்.

ஒரு பிற்பகல் அன்ரி என் குசினியில் இருந்து என்னிடம் ஒரு விசயம் சொன்னார். இந்த நாட்டுக்கு வருகிற வழியில் தனக்கு நடந்த விசயம். அது என்ன என்று எழுதமாட்டேன். நீ அவரிடம் ஒருநாளும் கேட்காதே. தன் புருஷனுக்கே தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் அக்கா என்று சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்தபடியே என் தலைக்குள் அது கட்டுரையாகிக்கொண்டிருந்தது. இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல இவ்வளவு காலம் கூசினேன். அழுதேன்தான், பொய் அழுகை இல்லை, ஆனால் அழுதுகொண்டே தலைப்பு யோசித்தேன்.

தலைப்பு மட்டும் இல்லை, வடிவமும் கிடைத்துவிட்டது. நாள் முழுக்க மரண அறிவித்தல் அடிக்கிற விரல்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், லண்டன், சுவிஸ் என்று நாடு நாடாக இருக்கும் இன்னின்னாரின் பாசமிகு சகோதரியும் ஆவார். அந்த அச்சிலேயே, உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு மரண அறிவித்தல் எழுதினேன். அந்தப் பயணத்தில் அவள் செத்துவிட்டாள், இப்போது நடமாடுவது வேறொருத்தி என்கிற பொருளில். எனக்கு அது அபாரமாகப் பட்டது. பெயர்களை எல்லாம் மாற்றினேன். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். ஊரை மாற்றவில்லை. வந்த வழியை மாற்றவில்லை. சகோதரர்கள் இருக்கிற நாடுகளைக்கூட அப்படியே விட்டுவிட்டேன். ஏன் என்றால் ஊர் இல்லாத மரண அறிவித்தல் மரண அறிவித்தல் மாதிரி இருக்காது. ஒரு வெள்ளைக்காரி அதை வாசித்தால் யாரையும் கண்டுபிடித்திருக்கமாட்டாள். எங்கள் ஆட்களுக்குப் பெயர் எதற்கு? ஊரும் சகோதரங்கள் இருக்கிற நாடும் தெரிந்தால் சாதகக் குறிப்பையே எழுதித் தருவார்கள். நாளுக்கு இருபது பேருக்கு அறிவித்தல் அடிக்கிற எனக்கு அது தெரியாமல் இருந்ததா? தெரியும். வடிவத்தில் மயங்கிப்போனேன்.

இதழ் கடைகளுக்குப் போன மூன்றாம் நாள் அன்ரி உன்னைப் பள்ளியால் கூட்டிவந்தார். உன் ஜக்கெற்றைக் கழற்றிக் கொழுவினார். உன்னை உள்ளே விட்டுவிட்டுக் கதவடியில் நின்று, "ஊரை ஏன் அக்கா போட்டனீங்கள்?" என்று கேட்டார். கத்தவில்லை. ஏன் எழுதினீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் சொன்ன பதிலை இப்போது எழுதக் கை கூசுகிறது. "நீர் ஏன் வெக்கப்படுறீர்? வெக்கப்பட வேண்டியது அவங்கள்" என்றேன். ஹெல்கா சொல்லியிருப்பாள். நானும் சொன்னேன். அவர் தன் கதவைத் திறந்து உள்ளே போனார். அந்தக் கிழமைக்குள் அவருடைய புருஷன் உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடிக்கவில்லை, ஒரு சொல் கேட்கவும் இல்லையாம். லண்டனில் இருந்த தமையன் போன் எடுத்து, இனி எங்களோடு கதைக்காதே என்றாராம். ஒரு காலையில் இரண்டு சூட்கேசோடு எலிவேற்றரில் இறங்கிப் போனார். அப்போது நீ பள்ளியில் இருந்தாய்.

நீ வந்து அவருடைய கதவைத் தட்டிக்கொண்டே நின்றாய். அன்ரிக்கு மொன்றியலில் நல்ல வேலை கிடைத்துவிட்டது, அவசரத்தில் சொல்லாமல் போய்விட்டார் என்று நான் சொன்னேன். முப்பது வருடமாக நீ நம்பியிருப்பது அதைத்தான். அவர் உன்னை விட்டுப் போனார் என்று நீ நினைத்தாய். மிதுனாவிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். பிறந்தநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் நீ அவருக்கு வரைந்து தந்த அட்டைகளை நான் தபாலில் போடவில்லை. விலாசம் என்னிடம் இருந்தது. அவர் பதில் எழுதினால் உனக்கு உண்மை தெரிந்துவிடும் என்ற பயம். அட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, வீடு மாறும்போது எறிந்துவிட்டேன். நீ மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியது அந்த மாதங்களில்தான். அதையும் 'சத்தத்தில்' தனித்தாயின் சுமை என்று எழுதினேன். ஏன் நனைத்தாய் என்பதை மட்டும் எழுதவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருவன் அதை உரத்து வாசிக்க, இனி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நீ நின்றாய். அதற்கும் உன்னைத்தான் ஏசினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் கழித்து அச்சகத்துக்கு ஒரு மரண அறிவித்தல் லண்டனில் இருந்து ஃபாக்ஸில் வந்தது. ஊரைப் பார்த்ததும் விளங்கியது, அன்ரியின் தகப்பன். பிள்ளைகளின் பெயர் வரிசையில் இருந்தது: லண்டன், சுவிஸ், பிரான்ஸ். கனடா இல்லை. தகப்பனுக்கு அப்படி ஒரு மகளே பிறக்கவில்லை என்பதுபோல் எழுதியிருந்தார்கள். ஒரு பெயர் குறைகிறது என்று அந்த அச்சகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் அடித்தேன். பிழை பார்த்தேன். பெயரில் ஒரு கொம்பு விடுபட்டிருந்ததைத் திருத்தினேன். அச்சுக்கு அனுப்பினேன். அன்றைக்கு 'சத்தத்தை' நிறுத்தினேன். ஆட்கள் குறைந்துவிட்டார்கள், எனக்கும் ஏலாது என்று எல்லாரிடமும் சொன்னேன். பயமுறுத்தித்தான் நிறுத்தினார்கள் என்று சிலர் எழுதினார்கள். அதையும் மறுக்காமல் விட்டேன், அது எனக்குக் கௌரவமாக இருந்தது.

ஹெல்காவின் கடைசிப் பேட்டி ஒன்றை யூரியூப்பில் பார்த்தேன். தோல் சுருங்கி, குரல் மட்டும் அப்படியே இருந்தது. தலைத்துணி கட்டிய ஒரு இளம்பெண், அட்டையில் போட்ட அந்தப் பெண்ணிடம் நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா என்று கேட்டாள். நான் எழுதியது சரி, இன்றைக்கும் அதைத்தான் எழுதுவேன் என்றாள் ஹெல்கா. சபையில் பாதி கைதட்டியது. அவள் செய்ததெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. அவளால் அடியில் இருந்து தப்பிய பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தப் பதிலோடு நான் பேட்டியை நிறுத்திவிட்டேன். எமினே என்கிற பெயரே அவளுக்கு ஞாபகம் இருக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தோடேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு அப்படிப் போக விருப்பமில்லை.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருக்கிறது ஒன்றுதான். மிதுனா உன்னிடம் சொல்வது மிதுனாவுடையது. நாலு பேர் சிரிக்க ஒரு விருந்தில் சொல்வதாக இருந்தாலும், அவளுக்கு நல்லது செய்வதற்காகவே சொல்வதாக இருந்தாலும், முதலில் அவளைக் கேள். அவள் வேண்டாம் என்றால் அதற்குப் பயம் என்று பெயர் வைக்காதே.

நேற்றுக் காலை அன்ரிக்குப் போன் எடுத்தேன். நீ தந்த நம்பர்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அழாமல் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லப் போகிறேன், அச்சிலும் சொல்ல விரும்புகிறேன், நீர் விடுவீரா என்று கேட்டேன். "நீங்கள் செய்ததை எழுதுங்கோ. எனக்கு நடந்ததை எழுதாதையுங்கோ" என்றார். இந்தக் கடிதம் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள்தான் எழுதியிருக்கிறேன். மீறியிருந்தால் நீயே வெட்டிவிடு.

கலியாணத்துக்கு வருவார். உனக்காக வருவதாகச் சொன்னார். ஆனால் அந்தத் தட்டை என்னோடு பிடிக்கத் தன்னால் ஏலாது என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது, கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே என் பக்கத்தை மிதுனாவின் அம்மா பிடிக்கட்டும். நான் மண்டபத்தில் எங்காவது ஒரு கதிரையில் இருப்பேன். பெற்ற தாய் ஏன் முன்னுக்கு வரவில்லை என்று சனம் கேட்டால், நீ எனக்காகக் காரணம் ஒன்றும் தேடாதே. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, நான் வரவே வேண்டாம் என்று உனக்குப் பட்டால் அதையும் சொல். எனக்கு நோகும். ஆனால் ஏற்றுக்கொள்வேன்.

போனை வைக்கப் போகும்போது அன்ரி ஒன்று கேட்டார். குளிர் தொடங்கினால் தம்பிக்கு இடது காதுக்குள் குத்துமே, இப்பவும் குத்துதோ என்று. உனக்குக் காதுக்குள் குத்தும் என்பதே எனக்குத் தெரியாது. அவரிடம் நீயே சொல்லிவிடு.

அம்மா